மெக்சிகன் பேக்கரியில் எதை எடுப்பது, எதைக் கேட்டு எடுப்பது?

ஹூஸ்டனுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது என்கிறீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெக்சிகன் பேக்கரி, ஞாயிறு காலையில் வாசல்வரை கூட்டம். ஆசையாக உள்ளே போய்க் கலர் கலராக எட்டு ரொட்டி எடுத்துவந்தால், பார்க்க அழகு, வாயில் போட்டால் தொண்டையை அடைக்கிறது. எடுத்ததில் தவறா, அந்த ரொட்டியே அப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா முட்டை சேர்க்கமாட்டார், அதற்கும் வழி சொல்லுங்கள் என்கிறீர்கள்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். சாப்பிடும்போது கையில் காப்பி இருந்ததா?

இல்லையென்றால் பாதிப் பலகாரத்தைத்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஊட்டி வர்க்கியை டீ இல்லாமல் தின்றுவிட்டு, "என்ன இது, வெறும் மாவாக உதிர்கிறதே" என்று குறைப்பட்டால் ஊட்டிக்காரர் என்ன சொல்வாரோ, அதையேதான் மெக்சிகோக்காரரும் சொல்வார். இந்த இனிப்பு ரொட்டிகளுக்கு மொத்தமாக 'பான் டுல்சே' என்று பெயர். பான் என்றால் ரொட்டி, டுல்சே என்றால் இனிப்பு. கேக் போல ஈரப்பதத்தோடு இதைச் செய்வதில்லை. காப்பியில் முக்கினால் உறிஞ்ச வேண்டும், உறிஞ்சியபின் உடைந்து கோப்பைக்குள் விழுந்துவிடவும் கூடாது. அந்தப் பதத்துக்கு ஏற்ற உலர்வோடு, இனிப்பையும் கொஞ்சம் அடக்கியே செய்கிறார்கள். முக்கிச் சாப்பிடுவதற்கென்றே 'சொப்பெயார்' என்று ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வருடம் நானும் உங்கள் கட்சிதான். எங்கள் கீழ்வீட்டில் மோந்தெர்ரே நகரத்துப் பாட்டி ஒருவர் இருந்தார். ஒருநாள் நான் வாங்கிவந்த பையை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்து இரண்டாகப் பிய்த்து, என் காப்பிக் கோப்பையிலேயே முக்கி என் கையில் கொடுத்தார். பாலும் சர்க்கரையும் ஏறிய அந்த ஒரு வாயில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அதற்கு அப்புறம் பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அந்த வரிசையில் நிற்கிறேன்.

இனி கடைக்குள் போவோம்.

மெக்சிகன் பேக்கரியை 'பனதெரியா' என்பார்கள். பெரும்பாலான கடைகளில் நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வாசலுக்குப் பக்கத்தில் வட்டமான அலுமினியத் தட்டுகள் அடுக்கியிருக்கும். அதற்கு 'சரோலா' என்று பெயர். பக்கத்திலேயே இடுக்கிகள் தொங்கும். இரண்டையும் எடுத்துக்கொண்டு கண்ணாடி அலமாரிகளைச் சுற்றி வந்து, வேண்டியதை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்து, கல்லாவில் நீட்டினால் எண்ணிப் பையில் போட்டுத் தருவார்கள். நுழையும்போது "புவெனோஸ் தீயாஸ்" என்று ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள். கையால் தொடக்கூடாது என்பது சொல்லாமலே தெரியும். நான் செய்த தப்பு வேறு. எடுத்ததைத் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று மறுபடி அலமாரியில் வைத்தேன். கல்லாவில் இருந்த அம்மா வாய் திறக்கவில்லை, ஆனால் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை. தட்டில் ஏறிய ரொட்டி உங்களுடையது. அதனால் வெறுங்கையோடு ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டு, அடுத்த சுற்றில் தட்டை எடுங்கள்.

பெயர்ப்பலகை பல கடைகளில் இருக்காது, இருந்தாலும் ஸ்பானிஷில்தான் இருக்கும். கவலை வேண்டாம். பார்த்த மாத்திரத்தில் என்ன தோன்றுகிறதோ அதுதான் முக்கால்வாசி ரொட்டிகளின் பெயர். சிப்பி போல் இருப்பது 'கோன்ச்சா', அதாவது சிப்பி. காது போல் மடிந்திருப்பது 'ஒரேஹா', அதாவது காது. வளைந்திருப்பது 'குவெர்னீத்தோ', குட்டிக் கொம்பு. நடுவில் கேக்கும் சுற்றிலும் அடுக்கு மாவுமாக இருப்பது 'ஓஹோ தே புவேய்', மாட்டுக்கண். இரண்டு உருண்டைகளை ஜாமால் ஒட்டவைத்தால் 'பேசோ', முத்தம். ஜாம் தடவிச் சுருட்டிய கேக் 'நீன்யோ என்வுவெல்த்தோ', துணியில் சுற்றிய குழந்தை. எல்லாவற்றையும் எழுதினால் இது பட்டியலாகிவிடும், இதோடு விடுகிறேன்.

கலரைப் பார்த்து மயங்காதீர்கள். நேரே அடுப்புக்குப் பக்கத்தில் உள்ள மரப்பெட்டியிடமோ கூடையிடமோ போங்கள். அங்கே எந்த அலங்காரமும் இல்லாமல், நடுவில் ஒரு கீறலோடு, இரு முனையும் கூம்பிய, உள்ளங்கை நீள ரொட்டி குவிந்திருக்கும். அதன் பெயரை எழுத்துக்கூட்டினால் 'பொலில்லோ' என்று வரும். ஆனால் மெக்சிகோ ஸ்பானிஷில் இரட்டை 'ல' யகரமாக ஒலிப்பதால் அது 'பொலீயோ'. குறிலும் நெடிலும் மாறிப்போனால் நம் காதில் சொட்டு மருந்து முகாம் நினைவுக்கு வரும், எச்சரிக்கை!

பொலீயோவுக்கு வேண்டியது மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், துளி சர்க்கரை. சில கடைகளில் கொஞ்சம் கொழுப்பும் சேர்ப்பார்கள். அடுப்புக்குள் நீராவி விட்டுச் சுடுவதால் மேலே மெல்லிய ஓடு படியும். அழுத்தினால் சருகு மிதிபடும் சத்தம் வர வேண்டும், உள்ளே பஞ்சு. கடையில் அழுத்திப் பார்க்கக்கூடாதுதான், கார் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பனதெரியாவின் தரத்தைத் தெரிந்துகொள்ள நான் வாங்குவது இதை மட்டும்தான். சர்க்கரையும் சாயமும் போட்டு மறைக்க இதில் இடமே கிடையாது. பொலீயோ சப்பென்று ரப்பர் மாதிரி இருந்தால் அந்தக் கடையின் கோன்ச்சாவுக்கும் நான் ஆசைப்படுவதில்லை.

மெக்சிகோ நகரத்தில் பொலீயோவுக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. யாராவது பயந்துபோனால் "ஒரு பொலீயோ சாப்பிடு, பயம் போகும்" என்பார்கள். நம் வீட்டில் பயந்த பிள்ளைக்கு மிளகாய் சுற்றிப் போடுவது போல, பாதி நம்பிக்கை பாதி கிண்டல். அந்த ஊரில் 1985, 2017, 2022 என்று மூன்று பெரிய நிலநடுக்கங்கள் செப்டம்பர் 19ஆம் தேதியே வந்தன. ஒவ்வொரு குலுக்கலுக்குப் பிறகும் "பயத்துக்கு ஒரு பொலீயோ" என்ற பேச்சு ஊரெல்லாம் கிளம்பிவிடும்.

அதே மாவில் கொஞ்சம் தட்டையாக, மேலே இரண்டு வரிகளோடு இருப்பது 'தெலேரா'. இரண்டையும் பிளந்து உள்ளே எதையாவது வைத்தால் அது 'தோர்த்தா'. பொலீயோவை நீளவாக்கில் பிளந்து, மசித்த பீன்ஸ் தடவி, சீஸ் தூவி, அடுப்பில் காட்டி, மேலே தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி நறுக்கிப் போட்டால் 'மொயேத்தே'. நம் வீடுகளில் இது தோற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. மெக்சிகோ நகரத்துத் தெருக்களில் காலை வேளையில் இதையும் மிஞ்சிய ஒன்று விற்கும். மக்காச்சோள மாவை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் தமாலை, பொலீயோவுக்குள் வைத்துக் கொடுப்பார்கள். பெயர் 'குவாஹொலோத்தா', பெண் வான்கோழி என்று பொருள். காரக் கொழுக்கட்டையைப் பன்னுக்குள் வைத்துத் தின்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மதியம் வரை பசிக்காது.

இப்போது கோன்ச்சா. நீங்கள் வாங்கிவந்த எட்டில் குறைந்தது நான்கு இதுவாகத்தான் இருந்திருக்கும். அடியில் முட்டை, பால், சர்க்கரை, கொழுப்பு சேர்த்து ஈஸ்ட்டில் எழும்பிய பன். மேலே மாவும் சர்க்கரைப்பொடியும் கொழுப்பும் ஏறக்குறைய சம எடையில் பிசைந்த ஒரு வில்லை. அந்த வில்லையை உருண்டையின் மேல் போர்த்தி, சிப்பி வரி போட்ட அச்சால் அழுத்துவார்கள். பன் எழும்ப எழும்ப வரிகள் விரிந்து சிப்பியாகிவிடும். ரோஸ் நிறத்தை ஸ்ட்ராபெரி என்று பிள்ளைகள் பிடுங்கி எடுப்பார்கள். பெரும்பாலான கடைகளில் வெள்ளை, ரோஸ், மஞ்சள் மூன்றும் ஒரே சுவைதான், பழுப்பில் மட்டும் கொக்கோ இருக்கும். நல்ல கோன்ச்சாவில் மேல்வில்லை கடித்தால் நொறுங்கும், தூக்கும்போது உதிராது. ஹூஸ்டன் புழுக்கத்தில் மாலைக்குள் அந்த வில்லை பிசுபிசுத்துவிடும். ஆகையால் இது காலையில் வாங்கிக் காலையிலேயே முடிக்க வேண்டிய பண்டம்.

மெக்சிகோ நகரத்துக்கு எப்போதாவது போனால் 'எல் கார்தெனால்' என்ற உணவகத்தில் காலைச் சிற்றுண்டிக்கு உட்காருங்கள். 1969இல் தொடங்கிய இடம். கோன்ச்சாவும் 'நாத்தா'வும் சாக்லேட்டும் அங்கே பிரசித்தம். நாத்தா என்ன என்று கேட்டால் சிரித்துவிடுவீர்கள். காய்ச்சிய பாலில் படியும் பாலாடைதான் அது! கோன்ச்சாவைக் குறுக்கே பிளந்து பாலாடையைத் தடவித் தருகிறார்கள். சின்ன வயதில் ஆடை படிந்தால் பாலே வேண்டாம் என்று அழுதவன் நான். அதையே தேடிப்போய்க் காசு கொடுத்துச் சாப்பிட்டேன்.

நம் நாக்குக்கு மிக நெருக்கமானது எது என்று கேட்டால் நான் கைகாட்டுவது பன்றிக்குட்டியை. 'மர்ரானீத்தோ' என்று பெயர், சில கடைகளில் 'புவெர்க்கீத்தோ' என்பார்கள். பன்றிக்குட்டி வடிவத்தில் வெட்டிய பழுப்பு ரொட்டி. அதில் இறைச்சி இல்லை, இருப்பது வெல்லம். 'பிலொன்சீயோ' என்று கூம்பு அச்சில் வார்த்து விற்கிறார்கள். கரும்புச்சாற்றைக் காய்ச்சி அச்சில் ஊற்றியது, நம் அச்சுவெல்லத்தின் பங்காளிதான். அதைப் பட்டையோடு பாகு வைத்து மாவில் சேர்ப்பதால், அடுப்பிலிருந்து எடுக்கும்போது பொங்கல் வீட்டு வாசனை வரும். அதே வெல்லத்தையும் பட்டையையும் போட்டு மண்பானையில் கொதிக்கவைப்பது 'காபே தே ஓயா', பானைக் காப்பி. கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்தவருக்கு அறிமுகமே தேவையில்லை. பன்றிக்குட்டியைப் பானைக் காப்பியில் முக்கிச் சாப்பிட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். சில இடங்களில் காப்பிக்குப் பதிலாக 'அத்தோலே' இருக்கும். மக்காச்சோள மாவைக் கரைத்துக் காய்ச்சும் இனிப்புக் கூழ் அது. சாக்லேட் சேர்த்தால் அதற்கே பெயர் 'சம்புர்ராதோ'. ஒரு கோப்பை குடித்தால் ரொட்டிக்கு வயிற்றில் இடம் இருக்காது.

எம்பனாடாவை நாம் சோமாசி என்று சொல்லிவிடலாம். உள்ளே பூசணி, அன்னாசி, கொய்யா, ஆப்பிள் என்று ஏதாவது இருக்கும். பூசணிதான் எனக்குப் பிடித்தது. 'கஹேத்தா' வைத்தது கிடைத்தால் விடாதீர்கள். ஆட்டுப்பாலைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சும் பாகு அது, குவானாஹுவாத்தோ மாநிலத்து செலாயா நகரம் அதற்குப் பெயர்பெற்றது. திரட்டுப்பாலைப் பாகு பதத்தில் இறக்கினால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் எம்பனாடாவில் கறி வைத்ததும் உண்டு, வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

இதுதான் அம்மாவின் விஷயத்துக்கு வரும் இடம். இதில் அவசரப்படாதீர்கள், ஏனென்றால் முட்டையைவிடச் சிக்கலானது கொழுப்பு. 'மந்தேக்கா' என்றால் மெக்சிகோவில் பொதுவாகப் பன்றிக்கொழுப்பு. 'மந்தேக்கீயா' என்றால் வெண்ணெய். இரண்டும் காதில் ஒன்றுபோல விழும், அர்த்தம் தலைகீழ். 'மந்தேக்கா வெஹெத்தால்' என்றால் தாவரக் கொழுப்பு, அதாவது நம் வனஸ்பதி வகை. அமெரிக்காவில் பல கடைகள் தாவரக் கொழுப்புக்கு மாறிவிட்டன, எல்லாக் கடைகளும் அல்ல. வாயில் வைத்தால் மணலாகக் கரையும் 'போல்வொரோன்' பிஸ்கட்டிலும் நான் மேலே புகழ்ந்த பன்றிக்குட்டியிலும் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் பழக்கம் பல கடைகளில் உண்டு. பெயரிலும் பன்றி, உள்ளேயும் பன்றி என்று ஆகிவிடலாம், கேட்டு எடுங்கள்.

கேட்க வேண்டியது இரண்டு வாக்கியம். "யேவா வேவோ?" என்றால் இதில் முட்டை உண்டா. "யேவா மந்தேக்கா தே செர்தோ?" என்றால் பன்றிக்கொழுப்பு உண்டா. முதலாவது எதுகையோடு வருவதால் என் மகள் அதைப் பாட்டாகவே பாடுவாள். கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் உள்ளே அடுப்படிக்குக் குரல் கொடுத்துக் கேட்டுச் சொல்வார்கள். இதற்கு யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

முட்டை இல்லாமல் கிடைக்க அதிக வாய்ப்புள்ளவை பொலீயோ, தெலேரா, ஒரேஹா, அப்புறம் 'கம்பெச்சானா' என்று அடுக்கடுக்காக, மேலே சர்க்கரை உருகி மினுங்கும் ஒன்று. ஒரேஹாவும் கம்பெச்சானாவும் அடுக்கு மாவுப் பலகாரங்கள். கம்பெச்சானாவைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் அம்மா வர்க்கி என்றே சொல்லக்கூடும். மேலே முட்டை பூசியிருக்கிறார்களா என்பதையும், மடிப்புக்குள் வைத்த கொழுப்பு எது என்பதையும் மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கோன்ச்சா, மெக்சிகன் மஃபினான 'மந்தெக்காதா', மூன்று பாலில் ஊறிய 'த்ரெஸ் லெச்சேஸ்' கேக் ஆகியவற்றில் முட்டை நிச்சயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்ண வண்ண ஜெல்லிகளில் இருக்கும் ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது.

இவ்வளவு விதங்கள் எங்கிருந்து வந்தன? மெக்சிகோ மக்காச்சோள நாடு. கோதுமை ஸ்பானியர்களோடு கப்பலில் வந்தது. கத்தோலிக்கப் பூசையில் தரும் அப்பத்துக்குக் கோதுமை வேண்டும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அங்கே முதன்முதலில் கோதுமை விதைத்தவர் என்று அறியப்படுபவர் ஆப்பிரிக்காவில் பிறந்து, மெக்சிகோவைக் கைப்பற்றிய ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தேஸின் படையோடு வந்த ஹுவான் கர்ரீதோ. 1538இல் ஸ்பெயின் அரசருக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் தான்தான் முதலில் விதைத்தேன் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். ஸ்பானியர்களின் 'பான்', இலங்கைத் தமிழர்களின் 'பாண்' ஆகிய இரண்டுக்கும் மூலம் ஒன்றே, நமக்கு அது போர்த்துகீசியர் வழியாக வந்தது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரை இந்தக் கடைக்கு அழைத்துப் போனேன். பலகையில் 'பான்' என்று இருந்ததை வாசித்துவிட்டு, "பாண் கடைக்குக் கூட்டிப்போறன் எண்டு நேரா சொல்லியிருக்கலாமே" என்றார்.

அடுக்கு மாவும் கொம்பு ரொட்டியும் பிரெஞ்சுக்காரர்களின் கைவண்ணம். அவர்கள் மெக்சிகோவில் கால்பதித்த கதையில் ஒரு பலகாரக் கடைக்கும் பங்கு உண்டு. தக்குபாயா என்ற ஊரில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் வைத்திருந்த கடையை மெக்சிகோ ராணுவ அதிகாரிகள் சூறையாடிவிட்டார்கள் என்று புகார். அதையும் வேறு சிலரின் புகார்களையும் சேர்த்து பிரான்ஸ் அரசு 6,00,000 பெசோ நஷ்டஈடு கேட்டது. மெக்சிகோ தர மறுத்தது. 1838இல் பிரெஞ்சுக் கப்பல்கள் வெராக்ரூஸ் துறைமுகத்தை முற்றுகையிட்டுக் கோட்டையைக் குண்டு போட்டுத் தகர்த்தன. மெக்சிகோ தளபதி சாந்தா அன்னா அந்தச் சண்டையில் ஒரு காலை இழந்தார். பிறகு அந்தக் காலை ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள் என்பது தனிக்கதை. 1839இல் சமாதானம் ஆனது, மெக்சிகோ பணத்தைத் தர ஒப்புக்கொண்டது. வரலாற்றில் இதற்கு 'பலகாரப் போர்' என்றே பெயர்! பின்னால் 1860களில் பிரெஞ்சுப் படை மறுபடி வந்ததும், 1911வரை ஆண்ட போர்பீரியோ தீயாஸ் காலத்துப் பணக்காரர்களுக்குப் பாரிஸ் மீது இருந்த மோகமும்தான் இந்த அலமாரிகளை நிரப்பின. சீனர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மெக்சிகோ நகரத்தில் சீனக் குடியேறிகள் நடத்திய காப்பிக் கடைகளால்தான் 'பீஸ்கெட்' என்ற உருண்டை ரொட்டி பிரபலமானது. வெண்ணெய் தடவிப் பால்காப்பியோடு தருவார்கள். பெயரைப் பார்த்து பிஸ்கட்டை எதிர்பார்க்காதீர்கள், இது மெத்தென்றிருக்கும்.

எந்த நேரத்தில் போவது? ஞாயிறு பத்து மணிக் கூட்டம் தேவாலயம் விட்டு வருவது. நீங்கள் ஏழரைக்கே போய்விடுங்கள். அல்லது மாலை ஐந்து மணிவாக்கில் போங்கள். மெக்சிகோவில் பெரிய சாப்பாடு மதியம் கழிந்துதான், இரவுக்கு ஒரு ரொட்டியும் ஒரு கோப்பை சாக்லேட்டும் போதும் என்று முடித்துக்கொள்ளும் வீடுகள் நிறைய. அதனால் மாலையிலும் ஓர் ஈடு சுடுவார்கள். பொலீயோ எத்தனை மணிக்கு இறங்கும் என்று கல்லாவில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எந்த வழிகாட்டியும் தராத தகவல் அது.

ஹூஸ்டனில் எங்கே என்றால், ஏர்லைன் டிரைவில் 'எல் பொலீயோ' இருக்கிறது. 1998 முதல் நடக்கிறது. பெரிய கடை, வகைகள் எக்கச்சக்கம், புதிதாகப் பழகுகிறவருக்கு நல்ல இடம். ஆனாலும் வாரா வாரம் போக உங்கள் வீட்டருகே உள்ள கடையே சரி, அதன் பொலீயோ தேறினால். சான் அந்தோனியோவுக்குப் போனால் மார்க்கெட் ஸ்குவேரில் 'மி தியெர்ரா' உண்டு. 1941இல் மூன்று மேசையோடு தொடங்கிய காப்பிக் கடை, இப்போது திருவிழாக் கூடம் மாதிரி அலங்காரம். நுழைந்ததும் ரொட்டி அலமாரிதான். சுற்றுலாக் கூட்டம் அதிகம், ஒருமுறை பார்க்கலாம்.

மெக்சிகோ நகரத்தில் எனக்குப் பிடித்தது 1927இலிருந்து இருக்கும் 'பஸ்தெலெரியா இதெயால்'. தெருவின் பெயர் 16 தே செப்தியெம்ப்ரே, பழைய நகரத்தின் நடுவில். கீழ்த்தளத்தில் ரொட்டி மலைபோல் குவிந்திருக்கும், தட்டும் கையுமாக ஊரே சுற்றிக்கொண்டிருக்கும். மாடிக்குப் போனால் ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் கல்யாண கேக்குகள், எடைபோட்டு விலை சொல்வார்கள். அதே ஊரில் ரோமா பகுதியில் 'பனதெரியா ரொசெத்தா' இப்போது உலகப் புகழ். எலெனா ரெய்காதாஸ் நடத்துவது, 2023இல் உலகின் சிறந்த பெண் சமையல் கலைஞர் என்ற விருது பெற்றவர். அங்கே கொய்யா வைத்த சுருள் ரொட்டிக்காக வரிசையில் நிற்கிறார்கள். நானும் நின்றேன். அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் இதெயாலில் சுற்றும் ஒரு மணி நேரத்துக்கு அது ஈடாகாது, எனக்கு.

பருவம் பார்த்தும் போக வேண்டும். அக்டோபரில் 'பான் தே முவெர்த்தோ' வந்துவிடும், இறந்தவர்களுக்கான ரொட்டி. நவம்பர் 1, 2 தேதிகளில் முன்னோருக்குப் படையல் வைக்கும்போது இதுவும் இருக்கும். வட்ட ரொட்டியின் மேல் எலும்பு போல மாவைத் திரித்து வைத்து, நடுவில் மண்டையோட்டுக்கு ஓர் உருண்டை, ஆரஞ்சு வாசம், மேலே சர்க்கரை. போனவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிற வழக்கம் நமக்கும் உள்ளதால், என் மாமியார் இதை ஒரே நிமிடத்தில் புரிந்துகொண்டார். ஜனவரி 6இல் 'ரோஸ்கா தே ரேயேஸ்', மூன்று ராஜாக்களின் வளைய ரொட்டி. உள்ளே குட்டிக் குழந்தை பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் வருகிறதோ, அவர் பிப்ரவரி 2ஆம் தேதி எல்லாருக்கும் தமால் வாங்கித் தர வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பொம்மையைச் சத்தமில்லாமல் வாய்க்குள் ஒதுக்கிக் கையும் களவுமாகப் பிடிபட்டார். ரோஸ்காவின் மேல் முன்பு 'பிஸ்நாகா' என்ற கள்ளியைச் சர்க்கரைப்பாகில் ஊறவைத்த துண்டுகளை ஒட்டுவார்கள். அந்தக் கள்ளி இப்போது பாதுகாக்கப்பட்ட இனம், அதனால் பழக்கூழ் வில்லைகளை வைக்கிறார்கள்.

மிஞ்சினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இனிப்பு ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், கட்டையாகிவிடும். அன்றே காற்றுப்போகாத பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிட்டு, வேண்டும்போது வெளியே எடுத்து, குளிர் விட்டபின் சூடு காட்டுங்கள். காய்ந்த கோன்ச்சாவைக் குறுக்கே வெட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு வாட்டினால் அது வேறொரு பலகாரம். பழைய பொலீயோவுக்கு அவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். துண்டு போட்டு வறுத்து, வெல்லப்பாகு ஊற்றி, திராட்சை, கடலை, சீஸ் சேர்த்து அடுப்பில் வைத்தால் 'கபிரொத்தாதா', ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் செய்வது. நான் பழைய பொலீயோவை உப்புமாவாகக் கிண்டுவேன், கடுகு, கறிவேப்பிலை தாளித்து. கீழ்வீட்டுப் பாட்டி ருசி பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அடுத்த ஞாயிறுக்கு என் யோசனை இது. இரண்டு பொலீயோ, ஒரு வெள்ளை கோன்ச்சா, கேட்டுப் பார்த்தபின் அம்மாவுக்கு ஒரு கம்பெச்சானா, பெயரே தெரியாத ஒன்று. ஐந்து போதும், எட்டு வேண்டாம். வீட்டுக்கு வந்து முதலில் டிகாக்‌ஷன் இறக்குங்கள், பையை அப்புறம் பிரிக்கலாம். ஏர்லைன் டிரைவுக்கே போவதாக இருந்தால் கூடுதலாக ஒரு துணிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிரிலேயே காய்கறிச் சந்தை இருக்கிறது, பச்சைமிளகாயும் கொத்தமல்லியும் மலிவு, மொயேத்தேவுக்கு ஆகும்.